கோடு போட்ட கை

போன மாசம் எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு படம் போட்டோம். ஜோர்டான் பீல் 2022-இல் எடுத்த 'நோப்'. தொழிற்சங்கக் கட்டிடத்தின் மாடி, சுவரில் கட்டிய வெள்ளை வேட்டி, இரவல் வாங்கிய புரொஜக்டர். படம் முடியப் போகிற நேரத்தில் கெகெ பால்மர் நடித்த கறுப்பினப் பெண் மோட்டார் சைக்கிளை விரட்டிக்கொண்டு வந்து, வண்டியைப் பக்கவாட்டில் திருப்பிச் சாய்த்து, புழுதி பறக்கத் தேய்த்துக்கொண்டே போய் நிறுத்துவாள். அந்த இடம் வந்ததும் பின்னாலிருந்து ஒரு கல்லூரி மாணவர், "தோழர், அகிரா!" என்று கூவினார்.

படம் முடிந்ததும் அவரே செல்போனை இணைத்து அந்த மூலக் காட்சியைப் போட்டுக் காட்டினார். கட்சுஹிரோ ஒடோமோ 1988-இல் எடுத்த ஜப்பானியக் கைவரைப் படம் 'அகிரா'. சிவப்பு வண்டி, சிவப்புச் சட்டைப் பையன், நியோ டோக்கியோவின் இரவு, அதே சறுக்கல். உடனே உலக சினிமாவைக் கரைத்துக் குடித்த நண்பர் ஒருவர் பட்டியலை எடுத்துவிட்டார். 'மேட்ரிக்ஸ்' இதிலிருந்து, 'பிளாக் ஸ்வான்' அதிலிருந்து, 'பசிபிக் ரிம்' இன்னொன்றிலிருந்து. 'கில் பில்' படத்தில் கார்ட்டூனாக வருகிற பகுதியை வரைந்தது ஜப்பானிய ஸ்டுடியோதான். ஆனால் அந்த யோசனைக்குப் பின்னால் நம்ம 'ஆளவந்தான்' இருக்கிறது என்று டாரண்டினோவே சொன்னதாக அனுராக் காஷ்யப் சொல்லியிருக்கிறார் என்றார். கூட்டத்தில் எல்லோருக்கும் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது.

முன்வரிசையில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற அக்கா ஒருவர் உட்கார்ந்திருந்தார். "ஏந்தம்பி, அந்த வண்டிப் படம் அம்புட்டும் கையால வரஞ்சதா?" என்று கேட்டார். ஆமாக்கா என்றேன். "எத்தன பேரு வரஞ்சாங்க?" நெறயப் பேருக்கா என்றேன். "அவுங்களுக்கு மாசச் சம்பளமா, பீஸ் ரேட்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ராத்திரி வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறைத்தது. அன்றைக்கு இரண்டு மணி நேரம் பேசியதில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி அதுதான். இந்தக் கட்டுரை அந்த அக்காவுக்கு நான் சொல்லாமல் விட்ட பதில்.

1

நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். இன்னார் மீது இன்னாரின் தாக்கம் என்று எத்தனையோ ஆய்வேடுகளைப் புரட்டியிருக்கிறேன். உவமைக்கு உவமை, வரிக்கு வரி எடுத்துப் பக்கம் பக்கமாக அடுக்கினால் பட்டம் கிடைத்துவிடும். சினிமா விமர்சகர்கள் செய்வதும் இதே வேலைதான். இடப்பக்கம் ஒரு பிரேம், வலப்பக்கம் ஒரு பிரேம், நடுவில் ஒரு அம்புக்குறி. முடிந்தது விமர்சனம்.

நம் இலக்கணம் முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று பிரிக்கிறது. முதல்நூலைச் செய்தவன் வினையிலிருந்து நீங்கியவன், விளங்கிய அறிவுடையவன் என்கிறது. அதாவது மனுசனே இல்லை. மத்தவங்க எல்லாம் அவனுக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டியவர்கள். தாக்கம் பேசுகிறவர்களின் மனசில் இந்தப் படிநிலை அப்படியே குந்தியிருக்கிறது. முன்பு முதல்நூல் ஹாலிவுட்டில் இருந்தது. இப்போது அதைத் தூக்கி டோக்கியோவில் வைத்துப் பூப்போடுகிறார்கள்.

ஜப்பானியக் கைவரைப் படத்தின் வரலாற்றில் வினை நீங்கிய முதல்நூல் எதுவும் கிடையாது. அதன் தலைமகனாகச் சொல்லப்படும் ஒசாமு தெசுகா, டிஸ்னியின் 'பாம்பி'யைப் பைத்தியமாகத் திரும்பத் திரும்பப் பார்த்தவர். அவர் வரைந்த பெரிய பெரிய கண்கள் அமெரிக்கக் கார்ட்டூன்களிடம் கற்றவை. ஹயாவோ மியாசாகியை இந்தத் தொழிலுக்கு இழுத்தது 1958-இல் தோயேய் நிறுவனம் எடுத்த 'வெள்ளைப் பாம்பின் கதை'. அது சீன நாட்டுப்புறக் கதை. தொழிலில் மனம் தளர்ந்திருந்த அவரை நிறுத்தி வைத்தது 1957-இல் சோவியத்தில் வந்த 'பனி அரசி'. மியாசாகியும் இசாவோ தகாஹாதாவும் பாடமாகப் படித்தது பிரெஞ்சுக்காரர் பால் கிரிமோவின் படம்.

இன்னும் பின்னால் போனால் 1945. ஜப்பானியக் கடற்படை காசு கொடுத்து மிட்சுயோ சேயோ எடுத்த 'மொமொதாரோ: கடலின் தெய்வ வீரர்கள்'. அதில் தென்கடல் தீவின் விலங்குகளுக்கு ஜப்பானிய நெடுங்கணக்கைப் பாட்டாகச் சொல்லித் தருகிற காட்சி ஒன்று வரும். பார்க்க அவ்வளவு அழகு. ஆக்கிரமித்த மண்ணின் மக்களை மிருகங்களாகவும் ஆக்கிரமித்தவனை வாத்தியாராகவும் வரைந்த அழகு அது. பதினாறு வயசில் ஒசாகாவில் அதைப் பார்த்த தெசுகா நெகிழ்ந்து அழுதார். ஆக, அந்த வம்சாவளியிலும் ரத்தக்கறை உண்டு. ஜப்பான் என்றாலே மென்மை, மௌனம், ஜென் என்று உருகுகிறவர்கள் அந்தப் படத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

சரி, டிஸ்னியிடம் வாங்கியதைத் தெசுகா மறைக்கவில்லை. அவர் 1989-இல் இறந்தார். 1994-இல் டிஸ்னி 'லயன் கிங்' எடுத்தது. தெசுகாவின் வெள்ளைச் சிங்கக்குட்டிக் கதை 1965-இலேயே தொலைக்காட்சித் தொடராக வந்து அமெரிக்காவிலும் ஓடியது. மச்சிகோ சதோனாகா முன்னின்று, நூற்றுக்கணக்கான ஜப்பானியச் சித்திரக்கதைக்காரர்கள் கையெழுத்துப் போட்டு டிஸ்னிக்கு ஒரு கடிதம் அனுப்பினார்கள். டிஸ்னி தரப்பு, எங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்றது. இல்லாதவன் எடுத்தால் அது காப்பி. இருக்கிறவன் எடுத்தால் அது தற்செயல். தாக்கம் என்ற சொல்லுக்குள் இப்படி ஒரு அதிகாரம் ஒளிந்திருக்கிறது. யார் கடன் வாங்கினார் என்பதைவிட யார் ஒப்புக்கொள்ளாமல் தப்பிக்க முடிகிறது என்பதுதான் விஷயம்.

2

ஒப்புக்கொண்டவர்கள் விஷயத்துக்கு வருவோம். மமோரு ஓஷி 1995-இல் எடுத்த 'கோஸ்ட் இன் த ஷெல்' படத்தை வாச்சோவ்ஸ்கிகள் தயாரிப்பாளர் ஜோயல் சில்வருக்குப் போட்டுக் காட்டி, இதை நிஜ ஆட்களை வைத்துச் செய்யப் போகிறோம் என்றார்கள். 1999-இல் 'மேட்ரிக்ஸ்' வந்தது. நேர்மையான கடன்தான். ஆனால் எதைக் கடன் வாங்கினார்கள்?

வழிந்தோடும் பச்சை எழுத்துகளை வாங்கினார்கள். பிடரியில் வயர் சொருகுகிற துளையை வாங்கினார்கள். சந்தைக்குள் துரத்தலும் சிதறுகிற பழங்களும் வந்தன. அந்தப் பச்சை எழுத்துகளைத் தன் ஜப்பானிய மனைவியின் சமையல் புத்தகத்திலிருந்து எடுத்ததாக வடிவமைப்பாளர் சைமன் ஒய்ட்லி சொல்லியிருக்கிறார். ஒரு வீட்டு அடுக்களையின் எழுத்து உலகத்தின் ரகசியக் குறியீடாகிவிட்டது. வேடிக்கைதான்.

வாங்காமல் விட்டதைப் பாருங்கள். ஓஷியின் படத்தில் குசனாகி ஒரு அரசாங்கப் படையில் வேலை செய்கிற பெண். மூளையில் கொஞ்சம்தான் அவளுடையது, உடம்பு முழுக்க இயந்திரம். படகில் உட்கார்ந்து சக ஊழியனோடு பேசும்போது ஒரு விஷயம் வருகிறது. வேலையை விட்டு நின்றால் இந்த உடம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். இதுதான் அந்தப் படத்தின் கதையாடல். உழைக்கிறவளின் உடம்பு அவளுக்குச் சொந்தமில்லை. அதற்கப்புறம் கதை அப்படியே நின்றுவிடும். மூன்று நிமிசத்துக்கும் மேல் பேச்சே இல்லாமல் நகரம் மட்டும் வரும். ஹாங்காங்கை மாதிரியாக வைத்து வரைந்த நகரம். மழை, அழுக்குக் கால்வாய், குடை பிடித்துப் போகிறவர்கள், கண்ணாடிக்குப் பின்னால் தன்னைப் போலவே உட்கார்ந்திருக்கிற இன்னொருத்தி. இவளைப் போல எத்தனை பேரைச் செய்து போட்டிருக்கிறார்களோ என்று நமக்கு வயிறு கலங்கும்.

இந்தக் கேள்விக்கு ஹாலிவுட் கொடுத்த பதில் ஒரு மீட்பன். கோடியில் ஒருவன், முன்பே குறிக்கப்பட்டவன், அவதார புருஷன். கூலிக்காரியின் கேள்வியை எடுத்து ராஜகுமாரனின் கதையாக்கிவிட்டார்கள். 2017-இல் அதே கதையை ஸ்கார்லெட் ஜோஹான்சனை வைத்து எடுத்தபோது, ஜப்பானியப் பெண்ணின் மூளையை எடுத்து ஒரு வெள்ளை உடம்புக்குள் வைப்பதாகவே கதை பண்ணினார்கள். அவர்கள் செய்துகொண்டிருந்த காரியத்தை அவர்களே கதையாக எழுதிவிட்டார்கள் என்றுதான் எனக்குப் பட்டது.

எல்லோரையும் இப்படி ஒரே கட்டாகக் கட்டித் தள்ளிவிட முடியாது. சடோஷி கோன் 1997-இல் எடுத்த 'பெர்பெக்ட் புளூ'வில், சந்தையில் விற்கப்படுகிற ஒரு இளம் நடிகை குளியல் தொட்டித் தண்ணீருக்குள் முகத்தை அமிழ்த்திக் கத்துவாள். வெளியே யாருக்கும் கேட்காது. டேரன் அரோனொஃப்ஸ்கியின் 'ரெக்வியம் ஃபார் எ டிரீம்' (2000) படத்தில் அதே காட்சி வரும். அங்கேயும் போதைக்காகத் தன் உடம்பைக் கொடுக்க நேர்கிற பெண். பிம்பத்தோடு காயமும் சேர்ந்து வந்திருக்கிறது. என் அளவுகோல் இவ்வளவுதான். படத்தை எடுத்தவன் காயத்தையும் எடுத்தானா?

3

இப்போது அக்காவின் கேள்வி. பீஸ் ரேட்தான் அக்கா.

திரையில் ஒரு நொடிக்கு 24 பிரேம் ஓடுகிறது. மூன்று பிரேமுக்கு ஒரு படம் என்று கஞ்சத்தனமாக வைத்தாலும் நொடிக்கு எட்டுப் படம் வரைய வேண்டும். அசைவின் முக்கிய நிலைகளைப் பேர் பெற்ற ஓவியர் வரைவார். ஒரு நிலைக்கும் அடுத்த நிலைக்கும் நடுவில் வருகிற படங்களை வரைவதற்குத் தனி ஆட்கள். இடைப்படக்காரர்கள் என்று வைத்துக்கொள்வோம். கை மேலே போவது ஒருவர் கோடு. போகிற வழியெல்லாம் இவர்கள் கோடு. பெரும்பாலும் தாளுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. அந்தக் காலத்தில் அப்புறம் அதைக் கண்ணாடித் தாளில் நகலெடுத்துப் பின்பக்கம் வண்ணம் பூச வேண்டியிருந்தது. அந்த வேலையில் பெண்களே அதிகம் இருந்தார்கள். 'அகிரா'வுக்கு மட்டும் 1,60,000-க்கும் மேற்பட்ட தாள்கள் என்பார்கள். அந்த ஒரு சறுக்கலுக்குள் எத்தனை விரல்கள் தேய்ந்திருக்கும்?

1963 ஜனவரி 1-ஆம் தேதி தெசுகாவின் 'அஸ்ட்ரோ பாய்' தொலைக்காட்சியில் தொடங்கியது. வாரம் ஒரு அரைமணி நேரப் படம். அடிமாட்டு விலைக்குத் தொலைக்காட்சிக்கு விற்றார். அதனால் படங்களைக் குறைத்தார்கள். வாய் மட்டும் அசையும், உடம்பு அசையாது. ஒரே ஓட்டத்தைப் பத்து இடத்தில் போட்டார்கள். அந்த விலையே பிறகு தொழிலின் விலையாக நின்று போனது என்பது பல காலமாகச் சொல்லப்படுகிற குற்றச்சாட்டு. அந்த அசையாமையை இன்றைக்கு உலக இயக்குநர்கள் தியானம் என்கிறார்கள், ஜப்பானிய அழகியல் என்கிறார்கள். இல்லாமையிலிருந்து அழகைப் பிழிந்தவர்களின் திறமையை நான் மறுக்கவில்லை. ஆனால் பசியை விரதம் என்று சொல்லக் கூடாது. 2024-இல் ஐ.நா.வின் வணிகம்-மனித உரிமைப் பணிக்குழு ஜப்பானைப் பற்றி எழுதிய அறிக்கையில், இந்தத் தொழிலின் குறைந்த கூலியும் அளவு மீறிய வேலை நேரமும் இடம்பெற்றன. அறுபது வருசம் ஆகியும் கணக்கு நேராகவில்லை.

இதை எதிர்த்து யாரும் பேசவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. 1960-களில் தோயேய் ஸ்டுடியோவில் தொழிற்சங்கம் இருந்தது. மியாசாகி அதன் செயலாளர், தகாஹாதா துணைத் தலைவர். யசுவோ ஒட்சுகா பிடிவாதமாக நின்று தகாஹாதாவுக்கு இயக்குநர் வேலை வாங்கிக் கொடுத்தார். சங்கத்துத் தோழர்கள் சேர்ந்து கதை பேசி, தகுதி பார்க்காமல் யோசனை கேட்டு, மூன்று வருசத்தில் உருவாக்கிய படம் 'ஹோருஸ்' (1968). ஒரு கிராமம் கூடி, ஊர் நெருப்பு மொத்தத்தையும் சேர்த்து ஒரு வாளைக் காய்ச்சுகிற கதை. படம் ஓடவில்லை. அந்தக் கம்பெனியில் தகாஹாதாவுக்கு மறுபடி முழுநீளப் படமே கொடுக்கவில்லை. அதில் வரைந்தவர்களில் ஒருவர் ரெய்கோ ஒகுயாமா. கல்யாணமானால், பிள்ளை பெற்றால் பெண்கள் போய்விட வேண்டும் என்ற நெருக்கடிக்குப் பணியாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர். மியாசாகியின் பெயர் உலகத்துக்குத் தெரியும். அவர் சங்கக்காரர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 'ஜிப்லி' ஸ்டுடியோவைக் கோவிலாக்கியவர்கள் அந்தக் கோவிலுக்கு அடித்தளம் போட்டது ஒரு வேலைநிறுத்தக் காலம் என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

இன்னொரு இடம், கியோட்டோ பக்கத்தில் ஊஜி. 'அஸ்ட்ரோ பாய்' ஸ்டுடியோவில் வண்ணம் பூசிய யோகோ ஹட்டா என்ற பெண், அக்கம்பக்கத்து இல்லத்தரசிகளைச் சேர்த்துக்கொண்டு பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்கு வண்ணம் பூசிக் கொடுக்கத் தொடங்கினார். 1981-இல் தொடங்கிய அந்த வேலைதான் பிறகு கியோட்டோ அனிமேஷன் ஆனது. தாள் கணக்குக் கூலியை விட்டு மாசச் சம்பளம் கொடுத்தது, பெண்களை நிறைய எடுத்தது. 2019 ஜூலை 18 அன்று அதன் ஸ்டுடியோ ஒன்றில் ஒருவன் தீ வைத்தான். 36 பேர் செத்துப்போனார்கள். உலகமே அழுதது. அன்றைக்குத்தான் முதன்முதலாக இடைப்படம் வரைகிறவர்களுக்கும் வண்ணம் பூசுகிறவர்களுக்கும் பெயர்கள் உண்டு என்று செய்தித்தாள்களுக்குத் தெரிந்தது. செத்தால்தான் பேர் வரும் என்பது நமக்கும் பழகிய விஷயம்தானே.

4

மியாசாகியின் 'மொனோனொகே இளவரசி' (1997) படத்தை உலகம் எப்படி வாங்கிக்கொண்டது? ஓநாய் வளர்த்த பெண், காட்டுத் தெய்வம், இயற்கையைக் காப்போம். அவ்வளவுதான். ஆனால் படத்தின் நெஞ்சு இரும்பு உருக்கும் ஊரில் இருக்கிறது. எபோஷி என்ற தலைவி விபச்சார விடுதிகளிலிருந்து பெண்களை மீட்டு வந்து உலைக்களத்தில் வைத்திருக்கிறாள். அவர்கள் துருத்தி மிதிக்கிறார்கள், ஆம்பளைகளை வாய்க்கு வாய் பேசுகிறார்கள். கட்டுப் போட்ட தொழுநோயாளிகள் அவளுக்குத் துப்பாக்கி செய்கிறார்கள். படுத்த படுக்கையாக இருக்கிற ஒருவர், எங்கள் அழுகின சதையைத் தொட்டுக் கழுவினவள் இவள் ஒருத்திதான் என்கிற பொருளில் பேசுவார். அந்த இடத்தில் என்னால் உட்கார முடியவில்லை. தொட்டாள் என்ற ஒரு சொல் போதும்.

தொழுநோயாளிகளைப் பூட்டி வைக்கிற சட்டத்தை ஜப்பான் 1996-இல்தான் நீக்கியது. மியாசாகி தன் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த தமா சென்ஷோயென் என்ற தொழுநோய் இல்லத்துக்குப் போய்வந்துதான் அந்த மனிதர்களை வரைந்தார். 2016-இல் அதை வெளிப்படையாகவே சொன்னார். அதே எபோஷிதான் காட்டை அழிக்கிறவளும். ஒதுக்கப்பட்டவர்களுக்குச் சோறும் மானமும் கொடுக்கிற கையே காட்டுத் தெய்வத்தின் தலையை எடுக்கிறது. இதற்கு என்ன தீர்ப்புச் சொல்வீர்கள்? இந்தப் படத்தோடு ஒப்பிட்டுப் பேசப்பட்ட ஜேம்ஸ் கேமரூனின் 'அவதார்' (2009) படத்தில் இந்தச் சிக்கலே இல்லை. சுரங்கக் கம்பெனி கெட்டது, காடு நல்லது. துருத்தி மிதிக்கிற பெண்கள் அங்கே இல்லை. அவர்கள் இல்லாவிட்டால் சுற்றுச்சூழல் பேசுவது ரொம்ப சுலபம்.

சரியாக வாங்கியவர்களும் உண்டு. அயர்லாந்தின் டாம் மூரும் ராஸ் ஸ்டீவர்ட்டும் 2020-இல் எடுத்த 'வுல்ஃப்வாக்கர்ஸ்'. ஜிப்லியிடம் கற்றதை மூர் எங்கும் மறைப்பதில்லை. ஓநாய்ப் பெண்ணை அப்படியே வாங்கி 1650-ஆம் வருசத்துக் கில்கென்னியில், ஆங்கில ஆக்கிரமிப்பின் நடுவில் நிறுத்துகிறார்கள். ஊரை மரக்கட்டை அச்சு மாதிரி விறைத்த கோடுகளில் வரைந்திருக்கிறார்கள். காட்டைப் பென்சில் கிறுக்கலாக, முதலில் போட்ட கோட்டை அழிக்காமல் அப்படியே விட்டு வரைந்திருக்கிறார்கள். தகாஹாதா கடைசியாக எடுத்த 'இளவரசி ககுயா'வின் (2013) கரிக்கோட்டிலிருந்து கற்ற பாடம் அது. வரைந்த கையை ஒளிக்க மாட்டேன் என்கிற பாடம்.

யாருமே வாங்காத படம் ஒன்று இருக்கிறது. 1981-இல் தகாஹாதா எடுத்த 'ஜாரின்கோ சியே'. ஒசாகாவின் உழைக்கும் மக்கள் தெரு. அப்பன் சூதாடி, சண்டைக்காரன். பள்ளிக்கூடம் போகிற மகள் சியே கடையை நடத்துகிறாள். என்ன கடை? குடலும் ஈரலும் சுட்டு விற்கிற கடை. நம்ம பாஷையில் போட்டி. அதற்கு அங்கே 'ஹொருமோன்' என்று பெயர். தூக்கியெறிகிற பொருள் என்ற அர்த்தத்தில் வந்த பெயர் என்று ஒரு விளக்கமும் உண்டு. ஜப்பானில் தீண்டத்தகாதவர்களாக வைக்கப்பட்ட புராக்கு மக்களோடும் கொரியக் குடியேறிகளோடும் சேர்த்துப் பேசப்படுகிற சாப்பாடு அது. தெய்வமும் இல்லை, பறக்கிற பெண்ணும் இல்லை. ஒரு சிறுமி விசிறியால் அடுப்பை விசிறிக்கொண்டு நிற்கிறாள். உலக இயக்குநர்களின் தாக்கப் பட்டியல்களில் இந்தப் படத்தை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

5

திரும்ப 'நோப்'புக்கு வருகிறேன். எட்வர்ட் மய்பிரிட்ஜ் 1887-இல் வெளியிட்ட ஓடும் குதிரைப் படங்களை சினிமாவின் தொடக்கம் என்பார்கள். அதில் ஒரு குதிரையின் பெயர் ஆனி ஜி. அதன் மேல் உட்கார்ந்திருக்கிற கறுப்பின மனிதனின் பெயர் பதிவில் இல்லை. குதிரைக்குப் பேர் உண்டு, மனுசனுக்கு இல்லை. பீலின் படத்தில் வருகிற அண்ணனும் தங்கையும் தங்களை அந்த மனிதனின் வாரிசுகள் என்கிறார்கள். கடைசியில் அந்தத் தங்கைதான் 'அகிரா'வின் சறுக்கலைச் சறுக்குகிறாள். இறங்கி ஓடி, கையால் சுழற்றுகிற ஒரு பழைய கேமராவில் படம் பிடிக்கிறாள். ஜப்பானியக் கை போட்ட கோட்டை வாங்கி, சினிமா பேர் கொடுக்க மறந்த ஒரு உடம்புக்குக் கொடுத்திருக்கிறார் பீல். இதற்கு வழிநூல் என்று பேர் வைக்காதீர்கள். இது கணக்குக் கேட்பது. தாக்கம் என்ற சொல்லை நான் ஒத்துக்கொள்கிற இடம் இதுதான்.

ஆனால் நாங்கள் என்ன செய்தோம்? அன்றைக்குப் படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் புரொஜக்டரை அணைத்து விளக்கைப் போட்டவன் நான்தான். 'அகிரா'விலிருந்து வெட்டிக் காட்டியதும் அந்தச் சறுக்கலை மட்டும்தான். வரைந்தவர்களின் பெயர் அந்தப் படத்தின் முடிவில் வரிசையாக ஓடுகிறது. அதை நாங்கள் பார்க்கவே இல்லை. பேரில்லாதவர்களுக்காகப் பேசுகிற கூட்டத்தில் இது நடந்தது.

அடுத்த மாசம் 'ஜாரின்கோ சியே' போடலாம் என்று இருக்கிறோம். கடைசிப் பெயர் ஓடி முடிகிற வரைக்கும் விளக்குப் போட மாட்டோம். அக்காவிடம் சொல்லிவிட்டேன். "அப்ப அன்னைக்கி நாம்போட்டி வறுத்துட்டு வாரேன் தம்பி" என்றார். வாங்க, பேசுவோம்.